அட்வான்ஸ் எங்கே போயிற்று?

சாமான்கள் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டன. பீரோ, கட்டில், கிரைண்டர், மொட்டை மாடியில் இருந்த துளசித் தொட்டி கூடத்தான். காலியான வீட்டைப் பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, குடித்தனக்காரர் மாடிப்படி ஏறுகிறார். சாவியைக் கொடுத்துவிட்டு ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு இறங்கவேண்டும்.

"சாவியைக் கொடுத்துட்டுப் போங்க, தம்பி. அடுத்த ஆள் வரட்டும். அவர் அட்வான்ஸ் கொடுத்ததும் உங்க பணத்தை எண்ணி வச்சுடறேன். நான் எங்கே ஓடிப் போகப் போறேன்?"

வீட்டுக்காரர் ஓடிப் போகமாட்டார் என்பது வாஸ்தவம். அவருக்குச் சொந்த வீடு இருக்கிறது! பணம்தான் எப்போதோ ஓடிப் போய்விட்டது.

சென்னையில் வாடகை வீட்டில் இருந்தவர்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. கோயம்புத்தூரிலும் மதுரையிலும் வார்த்தைகள் கொஞ்சம் மாறும், விஷயம் ஒன்றுதான்.

இரண்டு வீட்டுக்கு நடுவே

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் அம்பத்தூரில் வேலை பார்க்கிறார். மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். மகள் இந்த வருஷம் கல்லூரியில் சேரவேண்டும். இருந்த வீட்டுக்கு வாடகை 15,000 ரூபாய். பத்து மாத வாடகை அட்வான்ஸ், அதாவது 1,50,000. போகிற வீட்டுக்கு வாடகை 18,000, அட்வான்ஸ் 1,80,000. தரகருக்கு ஒரு மாத வாடகை. வண்டிக் கூலி தனி.

பழைய வீட்டு அட்வான்ஸ் கைக்கு வந்த பிறகுதான் புது வீட்டுக்குக் கொடுப்பது என்றால் எந்த வீட்டுக்காரரும் காத்திருக்கமாட்டார். ஆகவே மனைவியின் நகை அடகுக்குப் போகிறது. பத்து நாளில் மீட்டுவிடலாம் என்று கணவர் சமாதானம் சொல்கிறார். அந்தப் பத்து நாள் பத்து வாரம் ஆகும்போதுதான் கஷ்டம் தெரிகிறது. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று வைத்தாலும் 1,50,000 ரூபாய்க்கு மாதம் 1,500 ரூபாய். அதற்குள் கல்லூரியிலிருந்து பணம் கட்டச் சொல்லிக் கடைசித் தேதி வந்துவிடுகிறது. "அப்பா, எப்போ கட்டணும்?" என்று மகள் இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை.

அட்வான்ஸ் என்பது வீட்டுக்காரருக்குக் கிடைத்த வருமானம் அல்ல. குடித்தனக்காரருடைய சொந்தப் பணம் அவரிடம் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வட்டி இல்லாமல், சில வீடுகளில் பத்து வருஷம், பதினைந்து வருஷம் கூடத் தங்கியிருக்கும். நாளடைவில் இரண்டு பேருக்குமே அது மறந்து போகிறது. காலி செய்கிற அன்று ஒருவருக்கு மட்டும் ஞாபகம் வருகிறது!

ஒரு மாதம்தான் என்றது சட்டம்

பத்து மாத அட்வான்ஸ் வாங்கச் சட்டம் சொல்லியிருக்கிறதா என்று கேட்கலாம். எந்தக் காலத்திலும் சொன்னதில்லை.

யுத்தத்துக்குப் பிறகு சென்னையில் வீடு கிடைக்காமல் ஜனங்கள் திண்டாடிய நாளில், 1946-ல் சென்னை ராஜதானியில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1949-ல் இன்னொன்று வந்தது. பிறகு 1960-ம் வருஷத்துச் சட்டம் வந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது. அந்தச் சட்டத்தின் 7-வது பிரிவு, ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்று பளிச்சென்று சொன்னது. 1996-ல் ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் இதை எடுத்துச் சொல்லிற்று. ஒரு மாதத்துக்கு மேல் வாங்கிய பணம் வீட்டுக்காரரிடம் இருக்கும்போது, வாடகை பாக்கி என்று சொல்லிக் குடித்தனக்காரரை வெளியேற்ற முடியாது என்பது தீர்ப்பு.

புத்தகத்தில் ஒரு மாதம். தெருவில் பத்து மாதம். இப்படியே ஒரு தலைமுறை ஓடிவிட்டது.

2017-ல் தமிழ்நாடு அரசு புதிய சட்டம் இயற்றியது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் அது. 2019-ம் வருஷம் பிப்ரவரி 22-ந் தேதி அமலுக்கு வந்தது. பழைய 1960 சட்டம் விடைபெற்றது. புதிய சட்டத்தின்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. ஆனால் "வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய" என்று ஒரு சின்ன வாசகம் அங்கே உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சந்து வழியாகத்தான் பத்து மாத அட்வான்ஸ் இன்றைக்கும் நுழைகிறது. சட்டம் எழுதினவர்கள் அந்தச் சந்தை அடைத்திருக்கலாம்.

இருந்தாலும் அதே பிரிவில் குடித்தனக்காரருக்கு உதவும் வரி ஒன்று உண்டு. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், அவர் தரவேண்டிய பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தந்துவிட வேண்டும். அடுத்த ஆள் வந்தாலும் வராவிட்டாலும் இதே கணக்குத்தான். "அடுத்த ஆள் வரட்டும்" என்கிற பேச்சுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

வீட்டுக்காரர் கதை

வீட்டுக்காரர்கள் எல்லாரும் மோசம் என்று சொல்வதற்கில்லை. பலர் அந்தப் பணத்தை வாங்கியவுடன் மாடியில் இன்னொரு அறை கட்டியிருப்பார்கள். சிலருக்கு அது மகள் கல்யாணத்துக்குப் போயிருக்கும். கணவரை இழந்து, வாடகை ஒன்றையே நம்பியிருக்கும் வயதான அம்மாளுக்கு ஆஸ்பத்திரிச் செலவில் கரைந்திருக்கும். ஒரு குடித்தனக்காரர் கொடுத்த பணத்தை முந்தின குடித்தனக்காரருக்குக் கொடுத்தாயிற்று. அவருக்குக் கொடுக்க அடுத்தவர் வரவேண்டும். மூன்று மாதம் வீடு காலியாகக் கிடந்தால் சங்கிலி அறுந்து போகிறது.

இது தெரிந்தால் குடித்தனக்காரருக்கு ஒரு வழி புலப்படும். காலி செய்வதை வாய்ப் பேச்சாகச் சொல்லாமல், ஒப்பந்தத்தில் கண்டபடி ஒரு மாதமோ இரண்டு மாதமோ முன்னதாக எழுத்து மூலம் சொல்லவேண்டும். அதிலேயே அட்வான்ஸ் தொகையையும், அது எந்தத் தேதியில் வேண்டும் என்பதையும் குறிப்பிடவேண்டும். வீட்டுக்காரர் ஏற்பாடு செய்துகொள்ள அவகாசம் கிடைக்கும். "திடீர்னு கேட்டால் எப்படி?" என்று பிறகு அவர் சொல்ல முடியாது.

கடைசி மாதங்களின் வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்வது இன்னொரு வழி. பல வீடுகளில் இது நடப்பதுதான். வீட்டுக்காரர் சம்மதித்தால் எல்லாருக்கும் சௌகரியம். ஆனால் அந்தச் சம்மதத்தை எழுதி வாங்கிக்கொள்ளாமல் வாடகையை நிறுத்தினால், புதிய சட்டத்தின்படி இரண்டு மாத வாடகை பாக்கி என்பது வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போடப் போதுமான காரணம். செல்போனில் "சரி, கழிச்சுக்கோங்க" என்று ஒரு வரி அவர் அனுப்பியிருந்தால், அதை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.

சுண்ணாம்புக் கணக்கு

அட்வான்ஸ் ஒரேயடியாகக் காணாமல் போவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதுதான் அதிகம். பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை. ஆணி அடித்த இடத்துக்கு இவ்வளவு. குழாய்க்கு இவ்வளவு. கரெண்டு பில் பாக்கி, தண்ணீர் லாரிப் பணம். கடைசியில் கையில் வருவது முக்கால் பங்கு. வாதாட மனமில்லாமல் வாங்கிக்கொண்டு போகிறவர்களே அதிகம்.

இதில் எது நியாயம்? 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவு, குடித்தனக்காரர் வீட்டை வாங்கிய நிலையிலேயே திருப்பித் தரவேண்டும் என்கிறது. ஆனால் சாதாரணமாகப் புழங்குவதால் ஏற்படும் தேய்மானம் அதில் சேராது. ஐந்து வருஷம் குடியிருந்த வீட்டின் சுவர் மங்கினால் அதற்குக் குடித்தனக்காரர் என்ன செய்வார்? குழந்தை சுவர் முழுக்க யானை வரைந்திருந்தால் அது வேறு விஷயம்.

2017 சட்டத்தின் இரண்டாவது அட்டவணை இதை இன்னும் விளக்கமாகப் பிரித்திருக்கிறது. கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவது, தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, மின்சார வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்சு, பூட்டு, உடைந்த கண்ணாடி இவை எல்லாம் குடித்தனக்காரர் தலையில். ஆக, எல்லாரும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு வருகிற பெயிண்டுப் பணம் இருக்கிறதே, அதைச் சட்டம் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் எழுதி வைத்திருக்கிறது! ஒப்பந்தத்தில் வேறு மாதிரி கையெழுத்துப் போட்டிருக்கிறோமா என்று பார்ப்பது அவசியம். அச்சடித்த ஒப்பந்தத்தின் இரண்டாவது பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவது நம்மவர்களுக்கு வழக்கமாகிவிட்டது.

கரெண்டு பில் தகராறுக்கு மருந்து சுலபம். காலி செய்கிற அன்று மீட்டரில் உள்ள எண்ணைப் படமெடுத்து, அதுவரைக்கும் உள்ள யூனிட்டுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

சாவி யார் கையில்?

சாவியும் பணமும் ஒரே நேரத்தில் கை மாறவேண்டும் என்பது அனுபவசாலிகள் சொல்லும் யோசனை. பணம் வராமல் சாவியைக் கொடுத்துவிட்டால் குடித்தனக்காரரிடம் பிடிமானம் எதுவும் இல்லை. அதற்காகச் சாவியைப் பிடித்து வைத்துக்கொண்டால், வீட்டை இன்னும் ஒப்படைக்கவில்லை என்று மாதா மாதம் வாடகை ஏறும் அபாயம் உண்டு. பிடிவாதத்தில் ஆறு மாதம் சாவியை வைத்திருந்து, அட்வான்ஸில் பாதியை வாடகையாக இழப்பதில் என்ன லாபம்?

பணம் அன்றே வராது என்று தெரிந்தால், சாவியைக் கொடுக்கும்போது ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்வது உத்தமம். இன்ன தேதியில் வீட்டைப் பெற்றுக்கொண்டேன், வாடகை பாக்கி இல்லை, இவ்வளவு ரூபாய் தரவேண்டியிருக்கிறது, இன்ன தேதிக்குள் தருகிறேன் என்று நாலு வரி இருந்தால் போதும். "எங்கிட்டயா எழுதிக் கேட்கறீங்க?" என்று வீட்டுக்காரர் வருத்தப்படலாம். வருத்தம் ஒரு நாளில் ஆறிவிடும். அந்தச் சீட்டு பின்னால் கோர்ட்டில் பேசும்.

வீடு கைமாறியிருந்தால் இன்னும் ஜாக்கிரதை தேவை. பழையவர் "புது ஓனரைக் கேளுங்க" என்பார், புதியவர் "நானா வாங்கினேன்?" என்பார். வீடு விற்கப்போகிறது என்று காதில் விழுந்தவுடனே, அட்வான்ஸ் தம்மிடம் வந்து சேர்ந்தது என்று வாங்குகிறவரிடம் எழுதி வாங்கிவிட வேண்டும்.

வக்கீல் நோட்டீஸ்

ஒரு மாதம் ஆயிற்று. பணம் வரவில்லை. போனை எடுப்பதில்லை. பிறகு என்ன?

முதலில் பலரும் போகும் இடம் போலீஸ் நிலையம். அங்கே பெரும்பாலும் "இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். அதில் தப்பில்லை. வாங்கிய கடனைத் தராதது போலத்தான் இதுவும். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணத்தோடு பணம் வாங்கியிருந்தால் மட்டுமே மோசடி வழக்கு ஆகும். (மோசடி என்றால் 420 என்று ஊரெல்லாம் அறிந்த எண், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318 ஆகிவிட்டது. வசை மட்டும் பழைய எண்ணிலேயே நிற்கிறது.)

ஆகவே அடுத்த படி கடிதம். தொகை, கொடுத்த தேதி, காலி செய்த தேதி எல்லாவற்றையும் எழுதி, பதினைந்து நாள் தவணை கொடுத்து, தபாலில் அனுப்பவேண்டும். நம் தாத்தா காலத்துப் பதிவுத் தபால் 2025-ல் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி அனுப்புவதுதான் முக்கியம். அதற்கும் பதில் இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ். தொகை நியாயமாக இருந்து, ஆதாரமும் இருந்தால், பல விவகாரங்கள் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. கோர்ட்டு என்றால் வீட்டுக்காரருக்கும் பயம்தானே?

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்களுக்கு ஒரு செய்தி. 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி இலவச சட்ட உதவி கிடைக்கிறது. பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், குறைந்த வருமானக்காரர்கள் எல்லாரும் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. நாம் சொன்ன குடும்பத்தில் ஒப்பந்தம் மனைவி பெயரில் இருந்திருந்தால், அவர் நேரே மாவட்டக் கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுத்திருக்கலாம். வழக்குப் போடுவதற்கு முன்பே இரு தரப்பையும் அழைத்து லோக் அதாலத்தில் பேசி முடிக்க வழி இருக்கிறது. அதற்குக் கோர்ட்டுக் கட்டணம் இல்லை. அங்கே முடிவானது கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது. ஒரு குறை, எதிர்த் தரப்பு சம்மதித்தால்தான் அங்கே முடிவு வரும்.

சம்மதிக்காவிட்டால் வழக்குத்தான். 2017 சட்டம் வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்று மூன்று படிகளை வைத்திருக்கிறது. வாடகை அதிகாரி துணை ஆட்சியர் அந்தஸ்தில் உள்ளவர். ஒப்பந்தத்தை அவரிடம் பதிவு செய்யவேண்டும் என்பது சட்டம். பதிவு செய்தவர்களுக்கு இந்தப் படிகளில் ஏறுவது சுலபம். வெறும் பதினொரு மாத முத்திரைத்தாளை வைத்திருப்பவர்கள் என்ன வழி என்று வக்கீலைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பணத்தை வசூலிக்கச் சிவில் கோர்ட்டில் வழக்குத் தொடர மூன்று வருஷக் கெடு. "தரேன், தரேன்" என்ற பேச்சை நம்பி அந்தக் கெடுவைத் தவறவிட்டால், நியாயம் இருந்தும் பயன் இல்லை.

எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "பணம் கொடுத்ததற்கு என்ன ஆதாரம்?" ரொக்கமாகக் கொடுத்து, ஒப்பந்தத்திலும் தொகையைக் குறைத்து எழுதச் சம்மதித்தவர்கள் இங்கேதான் விழிக்கிறார்கள். வங்கி வழியாகக் கொடுத்தவருக்குக் கணக்குப் புத்தகமே சாட்சி.

லீஸ் வீடு

வாடகையே வேண்டாம், ஐந்து லட்சம், பத்து லட்சம் கொடுத்தால் இரண்டு வருஷம் இருக்கலாம், போகும்போது முழுப் பணமும் திரும்பும் என்று லீஸுக்கு விடுவது சென்னையில் உண்டு. ஆசை காட்டும் ஏற்பாடு! இதில் இடையே ஒருவர் புகுந்தால் ஆபத்து. அவர் வீட்டுச் சொந்தக்காரரிடம் மாத வாடகைக்கு எடுப்பார். அதே வீட்டை இன்னொருவருக்கு லட்சக்கணக்கில் லீஸுக்கு விடுவார். சில மாதம் வாடகை கட்டிவிட்டு மறைந்து போவார். சொந்தக்காரர் வந்து "நீ யார்?" என்று கேட்கும்போதுதான் குடியிருப்பவருக்கு விஷயம் விளங்கும். இது நிஜமான மோசடி. போலீஸ் புகார் இங்கே பொருந்தும். ஆனால் போன லட்சங்கள் வருவது கஷ்டம். பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று போட்டு, சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து, அந்தச் சொந்தக்காரரோடு மட்டுமே எழுதிக்கொள்வது ஒன்றே காப்பு.

இங்கிலாந்தில் 2007-ம் வருஷத்திலிருந்து வேறு ஏற்பாடு. பெரும்பாலான வாடகை வீடுகளுக்கு, வீட்டுக்காரர் வாங்கிய முன்பணத்தை முப்பது நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்த்துவிட வேண்டும். சேர்க்காவிட்டால் முன்பணத்தைப் போல மூன்று மடங்கு வரை குடித்தனக்காரருக்கு அபராதம் கட்ட நேரும். தகராறு வந்தால் அந்தத் திட்டத்திலேயே ஒரு நடுவர் தீர்த்து வைக்கிறார். லண்டனில் குடியிருக்கும் தமிழர்கள் ஊருக்கு வரும்போது, இங்கே பத்து மாத அட்வான்ஸ் கதையைக் கேட்டு வாயைப் பிளப்பது இதனால்தான்.

நம் அம்பத்தூர்க் குடும்பத்துக்கு வருவோம். நாலாவது மாதம் அவர்களுக்குப் பணம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெயிண்டுக்கு என்று 15,000 பிடித்தம், மீதி 1,35,000. நகை மீண்டது. வட்டி போனது போனதுதான். கல்லூரிக் கட்டணத்தைக் கணவரின் தமையனார் கட்டியிருந்தார். அந்தக் கடன் தனியே நிற்கிறது.

புது வீட்டுக்குப் பால் காய்ச்ச வந்த அன்று மனைவி முதலில் செய்த காரியம், செல்போனை எடுத்து ஒவ்வொரு சுவரையும், ஒவ்வொரு குழாயையும், மீட்டரையும் படம் பிடித்தது. பின்னாலேயே வந்த வீட்டுக்கார அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா, சினிமா எடுக்கறீங்களா?"

"இல்லேம்மா. போகும்போது இப்படியே ஒப்படைக்கணுமில்லே, அதுக்குத்தான்" என்றார் மனைவி. பிறகு, ரசீதில் அட்வான்ஸ் தொகை எழுத்தாலும் எண்ணாலும் சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.